மட்டக்களப்பு விளையாட்டுப் பூங்கா: திடல் அருமை, பிள்ளைகளின் நேரம்தான் பிழை

மாநகர சபைக் காணியில் தனியார் ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்தும் பூங்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் நல்லது. ஃபுட்சால் (அணிக்கு ஐவர் ஆடும் உதைபந்தாட்டம்) திடல் உண்மையிலேயே தரமானது. செயற்கைப் புல்லுக்குள் ரப்பர் துகள் சமமாகப் பரவியிருக்கிறது, ஓடித் திரும்பும்போது கால் வழுக்கவில்லை. மார்கழி அடைமழையில் நம்மூர் மண் மைதானங்கள் சேறாய்க் கிடக்கும்போது இங்கே மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பந்து உருளத் தொடங்கிவிடுகிறது, அடியில் போட்ட வடிகாலில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. இரவு வெளிச்சமும் சரி. மலசலகூடம் சுத்தம், பெண்களுக்குத் தனியாக இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது. மகளை மைதானம் மைதானமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

மாலையில் ஒரு மணித்தியாலம் 3,000 ரூபா. பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு 300, வேலைக்குப் போகிறவர்களுக்குப் பரவாயில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது பெரிய காசு. அதற்காகத்தான் பிள்ளைகளுக்கு இலவச நேரம் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவதும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான்.

கிழமை நாட்களில் பகல் 2 மணி முதல் 4 மணி வரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த நேரத்து வெயில் எப்படி என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. செயற்கைப் புல் சாதாரணப் புல்லைப்போல ஈரம் விட்டுக் குளிராது, கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸையும் தாண்டும், தண்ணீர் அடித்தாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடிதான். காசு கொடுத்து ஒருவரும் வராத நேரத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலையும் இலவசம் என்று பலகையில் இருக்கிறது, ஆனால் நாங்கள் போன அன்று ஒரு கம்பனியின் சுற்றுப்போட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், "அண்ணன், அது முதலே புக் ஆயிற்று" என்கிறார் வாசலில் நின்ற தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் சம்பளத்துக்கு நிற்பவர்.

அப்புறம் கூடைப்பந்துத் திடல். வளையத்தில் வலை இல்லை, தரையின் பாதியில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஃபுட்சாலில் காசு வருகிறது, இதில் வரவில்லை, காரணம் அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கி வளர்த்த ஊர் இது, அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரைத்தான் நகரின் பெரிய மைதானமே தாங்கி நிற்கிறது. இந்த ஊரில் வளையம் இப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தனியாரிடம் கொடுத்ததே பிழை என்று நான் சொல்லவில்லை. மாநகர சபையே நடத்தியிருந்தால் இந்த மலசலகூடம் இப்படி இருந்திருக்காது, மின்கட்டணத்துக்கும் ஆட்கூலிக்கும் குத்தகைக்காரருக்கும் வருமானம் வேண்டும். ஆனால் காணி நம்முடையது. பிள்ளைகளுக்கு எந்த நேரம், அதை மாற்றினால் என்ன தண்டம், எல்லா விளையாட்டுக்கும் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தப் புல் நன்றாகப் பராமரித்தாலும் ஏறக்குறைய 8 முதல் 10 வருடம்தான் உழைக்கும். குத்தகை முடியும்போது புல்லும் தேய்ந்திருந்தால் புதிதாகப் போடுவது யார்? சபைதான் என்றால் அந்தச் செலவு நம் வரிப்பணத்தில் வந்து விழும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தின் பிரதி கேட்டு மாநகர சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். கிடைத்தால் இலவச நேரம் பற்றிய பக்கத்தை இங்கேயே போடுகிறேன். அதுவரை, காசு கொடுத்து விளையாடுபவர்கள் மாலை 6 மணிக்குப் பிறகு தாராளமாகப் போகலாம். பிள்ளைகளைப் பகல் 2 மணிக்கு அனுப்பாதீர்கள்.