கிட்டா, வரைபடமா? வீட்டில் எதற்குச் சம்மதம் கிடைக்கும்

படகு கட்டும் ஆசை வந்துவிட்டது. இனி கணவரோ மனைவியோ ‘சரி’ சொல்ல வேண்டும். பலகைகள் வெட்டியே வரும் கிட்டை வாங்குவதா, வரைபடம் மட்டும் வாங்கி நாமே அறுப்பதா? துணையின் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

செலவு
கிட்: தொகை பெரிது. ஆனால் பெரும்பகுதி முதலிலேயே தெரிந்துவிடும்.
வரைபடம்: மொத்தம் குறையலாம். ஆனால் இன்று பிளைவுட், நாளை எபாக்ஸி பசை, அப்புறம் பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் என்று ரசீது வந்துகொண்டே இருக்கும். மனத்தாங்கல் இந்தச் சில்லறை ரசீதுகளில்தான் தொடங்குகிறது.

காலம்
கிட்: துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்ததுமே படகின் உருவம் எழுந்து நிற்கும். அதைப் பார்த்தால் துணைக்கும் நம்பிக்கை வரும். 1962-இல் வடிவமைக்கப்பட்ட ‘மிரர்’ பாய்ப்படகைக் கற்றுக்குட்டிகளும் வீட்டிலேயே கட்டியது இந்த முறையில்தான்.
வரைபடம்: அளந்து, குறித்து, அறுக்கவே நாள் ஓடும்.

தூசி, நெடி
கிட்டில் அறுக்கும் தூசி குறைவு. தேய்க்கும் தூசியும் எபாக்ஸியும் இரண்டிலும் உண்டு. எபாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தால் எளிதில் போகாது. கையுறை, முகமூடி, வேலை உடுப்போடு வீட்டுக்குள் வராமை: இவற்றுக்கு முதல் நாளே வாக்குக் கொடுங்கள்.

முதல் படகு, வீட்டில் தயக்கம் என்றால் கிட்தான். தச்சுக் கருவிகளும் தனிக் கொட்டகையும் இருந்து, துணையும் அவசரப்படுத்தாதவர் என்றால் வரைபடம். எதுவானாலும் இருவர் உட்காரும் படகாக எடுங்கள். பெயரையும் நிறத்தையும் அவரே சொல்லட்டும்.