மூன்று மாதமாகப் பயன்படுத்தும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர்: வாங்கலாமா?

லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி துண்டாகித் துண்டாகி வந்ததால் வெளியில் செருகும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கி மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன். என் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் இது தீர்வாகாது, அதனால் வாங்குவதற்கு முன் என்னென்ன சோதித்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கோளாறு லேப்டாப்பிலா, ரவுட்டரிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதே மேஜையில், அதே வைஃபையில் போன் எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்) தொடர்ந்து பிங் (ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) போகும்படி ஓடவிட்டு உட்கார்ந்து கவனித்தேன். 2, 3 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் திடீரென்று 400, 900 என்று ஏறும், நாலைந்து முறை பதிலே வராது, பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி 3. ரவுட்டர் வரைக்குமே ஒழுங்காகப் போய்வரவில்லை, அப்படியென்றால் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை. உங்களுக்கு ரவுட்டர் வரை சீராகப் போய், 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு மட்டும் விட்டுப்போகிறது என்றால் அடாப்டர் வாங்காதீர்கள், கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அந்தப் பக்கமோ இருக்கிறது.

அடுத்து விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த கார்டை அணைத்துக்கொள்ள விண்டோஸுக்கு அனுமதி தரும் டிக் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டேன், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. இருந்தாலும் காசு செலவில்லாத வேலை என்பதால் இதை முதலில் செய்துவிடுங்கள், நிறைய பேருக்கு இதோடேயே சரியாகிவிடும்.

உண்மையான காரணம் தற்செயலாகத்தான் தெரிந்தது. திரையைப் பின்னால் சாய்த்தேன், சிக்னல் கோடு முழுதாக இருந்தது ஒன்றுக்கு இறங்கியது. நேராக நிமிர்த்தினேன், ஏறியது. நாலைந்து முறை செய்து பார்த்தும் அப்படியே. பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை கார்டு கீழே மதர்போர்டில் இருந்தாலும் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கும், இரண்டையும் இணைக்கும் மெல்லிய ஒயர்கள் கீல் வழியாகப் போகும். வருடக்கணக்கில் திறந்து மூடியதில் அந்த ஒயர் உள்ளே நைந்துபோயிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் திரையையே பிரிக்க வேண்டும். அதனால்தான் அடாப்டர் பக்கம் வந்தேன்.

நான் வாங்கியது 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கும், மடக்கக்கூடிய ஒரு ஆன்டெனா உள்ள வகை. விரல் நகம் அளவில் வரும் குட்டி அடாப்டர்களையும் பார்த்தேன், அவற்றில் பெரிய ஆன்டெனாவுக்கு இடமில்லை என்பதால் தள்ளிவிட்டேன். பெட்டியில் 1300 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது 2.4 ஜிகாஹெர்ட்ஸின் 400-ஐயும் 5 ஜிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டித் தோராயமாக்கிய கணக்கு, ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் அது இணையும். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் போர்ட்டின் உச்ச வேகமே 480 எம்பிபிஎஸ் என்பதால் 3.0 போர்ட்டே நல்லது.

ஆனால் அந்த 3.0 போர்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. யூஎஸ்பி 3.0 ஓடும்போது அதிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது, இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி கோப்புகளை நகலெடுத்தபோது வைஃபை தவழ்ந்தது, ஒயர்லெஸ் மவுஸும் விக்கி விக்கி நகர்ந்தது. பெட்டியோடு வந்த ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரை மாட்டி மேஜையின் அந்த ஓரத்தில் வைத்தேன், 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் மாறினேன், அதோடு நின்றது. எந்த நிறுவனத்தின் அடாப்டர் வாங்கினாலும் இந்தக் கேபிள் உடன் வருகிறதா என்று பாருங்கள், எனக்கு அடாப்டரின் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் பலமிழக்கும், ரவுட்டர் இரண்டு அறை தள்ளி இருந்தால் 2.4-தான் கைகொடுக்கும்.

செருகியதும் முதலில் அது சிடி டிரைவ் மாதிரி தெரிந்தது, பயப்பட வேண்டாம், டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது. நிறுவிய பிறகு உள்ளே இருக்கும் பழைய கார்டை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒரே வைஃபையில் சேர்ந்துகொண்டு எது வேலை செய்கிறது என்றே தெரியாது.

இப்போது ரவுட்டருக்குப் பிங் மணிக்கணக்கில் 2, 3-லேயே நிற்கிறது, வீடியோ அழைப்பு நடுவில் உறைவதில்லை. குறை என்றால், நீண்ட நேரம் ஓடினால் நன்றாகச் சூடாகிறது. இன்னொன்று, லேப்டாப் தூங்கி எழுந்ததும் சில நேரம் அடாப்டரையே காணோம், பிடுங்கிச் செருக வேண்டியிருந்தது. பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (மின்சாரத்தை மிச்சப்படுத்த, பயன்படாத யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் வசதி) அணைத்த பிறகு மூன்று வாரமாக அந்தத் தொல்லை இல்லை.