பொம்மை வாத்து விற்கும் இந்த ஆளிடம் பணம் கட்டிவிடாதீர்கள்

பத்தாங் பெர்ஜுந்தை, கோலா சிலாங்கூர், ரவாங் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வாத்து டீகோய், அதாவது குளத்தில் மிதக்கவிட்டு நிஜ வாத்துகளைக் கிட்டே வரவழைக்கும் பொம்மை வாத்து, அதோடு "குளத்தில் அடுக்கிக் காட்டும் பயிற்சி" என்று சேர்த்து ஒருவர் வாட்ஸ்அப் குழுக்களில் விற்றுக்கொண்டிருக்கிறார். நம் ஆள்தான். அண்ணே அண்ணே என்று மரியாதையாகப் பேசுவார், போன் போட்டால் உடனே எடுப்பார், பணம் கட்டும் வரைக்கும். அவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ரசீதையும் பேசிய மெசேஜையும் அழித்துவிடாதீர்கள், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை, பறவைப் படம் எடுக்கிறவன். நம் ஊரைச் சுற்றி வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன குளங்கள் எத்தனை இருக்கின்றன என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டினால் தண்ணீர்தான். அதில் பெலிபிஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சீழ்க்கைச் சிறகி இருக்கிறது, குள்ளத் தாரா இருக்கிறது, ஆண்டுக் கடைசியில் வடக்கே இருந்து நீலச்சிறகி வந்து இறங்கும். இதெல்லாம் ஆளைக் கண்டால் நடுக்குளத்துக்குப் போய்விடும். டீகோய் போட்டு மறைவில் உட்கார்ந்தால்தான் படம் எடுக்கிற தூரத்துக்கு வரும். இந்த வித்தையை எனக்குச் சொல்லித் தந்தது பெரியப்பா மகன். அண்ணன் கனடாவில் மனிடோபாவில் இருக்கிறார், முறையான லைசென்ஸோடு டெல்டா மார்ஷ் பக்கம் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வாத்து வேட்டைக்குப் போகிறவர். அவர் வீடியோ அழைப்பில் காட்டிக் காட்டி எனக்குப் புரியவைத்த விஷயங்களை வைத்துத்தான் இந்த ஆள் செய்தது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று என்னால் சொல்ல முடிகிறது.

விளம்பரத்தில் இருந்த படம் அருமையாக இருந்தது. பழுப்பு நிறத்தில், மங்கலான சாயத்தில், நம் ஊர் சீழ்க்கைச் சிறகியேதான். பன்னிரண்டு பொம்மை, அடியில் எடை வைத்தது, கயிறும் ஈயக்கட்டியும் சேர்த்து, அரைநாள் பயிற்சியோடு 780 வெள்ளி. "எல்லாம் படத்துல இருக்கிற மாதிரியேதான்ணே, நான் கேரண்டி" என்று எழுத்திலேயே அனுப்பினார். முழுப் பணமும் முதலிலேயே வேண்டும் என்றார், கட்டினேன்.

வந்து சேர்ந்தது பச்சைத் தலை மல்லார்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எந்தக் குளத்துக்குப் போனாலும் இருக்கும் வாத்து அது, நம் நாட்டுக் குளங்களில் யாரும் சாதாரணமாகப் பார்க்க முடியாதது. அதுவும் பன்னிரண்டும் ஆண் வாத்து. மல்லார்டு இருக்கிற ஊரிலேயே இப்படி ஆணாக மட்டும் யாரும் போடமாட்டார்கள், பழுப்பு நிறப் பெட்டையையும் கலந்துதான் போடுவார்கள். சீசன் ஆரம்பத்தில் ஆண் வாத்துக்கே அந்தப் பச்சைத் தலை சரியாக ஏறியிருக்காது, அதனால் அப்போது பெட்டைப் பொம்மைதான் அதிகம் வைப்பார்கள் என்று அண்ணன் சொல்வார். சீழ்க்கைச் சிறகியில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. அதற்கு இந்தப் பச்சைத் தலையை வைத்து என்ன செய்வது?

சாயம் அடுத்த கோளாறு. கார் பெயிண்ட் மாதிரி பளபளப்பு. வாத்துக்கு நம்மைவிடக் கூர்மையான நிறப் பார்வை, நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். வெயில் பட்டுப் பொம்மையின் முதுகு பளிச்சென்று அடித்தால் மேலே வட்டமடிக்கிற கூட்டம் அப்படியே திரும்பிவிடும். வேட்டைக்காரர்கள் மங்கலான சாயமாகத் தேடி வாங்குவதும், பளபளப்பு வந்த பழைய பொம்மைக்கு மறுபடி சாயம் பூசுவதும் இதனால்தான். இந்த ஆள் தந்த சாயம் பளபளத்ததோடு நிற்கவில்லை, நகத்தால் சுரண்டினாலே உரிந்து வந்தது.

தலை எல்லாமே ஒரே அச்சு, நிமிர்ந்த தலை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இதுதான் முக்கியம். வாத்துக் கூட்டம் நிம்மதியாக இருக்கும்போது ஒன்று தூங்கும், ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேயும், ஒன்று இறகு கோதும், ஒன்றிரண்டு மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும். எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தால் ஆபத்து என்று அர்த்தம், அடுத்த நொடி கிளம்பிவிடும். பன்னிரண்டு நிமிர்ந்த தலையை மிதக்கவிட்டால் வருகிற வாத்துகளை நாமே எச்சரித்து அனுப்பிவைக்கிறோம்.

அப்புறம் அடிப்பாகம். அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைக் கீல் என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்ளேயே எடை இருக்கும், எப்படித் தூக்கிப் போட்டாலும் பொம்மை நிமிர்ந்து உட்காரும். இன்னொன்று வெற்றுக் கீல், தண்ணீர் உள்ளே புகுந்து அதுவே எடையாக நிற்கும். சுமக்க லேசு, விலையும் குறைவு, ஆனால் கையால் பார்த்து நிறுத்தி வைக்க வேண்டும், அலை அடித்தால் ஆட்டமும் அதிகம். வெற்றுக் கீலைக் குறை சொல்லவில்லை, தூரம் நடந்து போகிறவர்கள் அதைத்தான் விரும்பி வாங்குவார்கள். எடை வைத்தது என்று காசு வாங்கிவிட்டு வெற்றுக் கீல் கொடுத்தது ஏமாற்று. இதில் உடம்பின் ஒட்டுத் தையலும் சரியில்லாமல் இரண்டு பொம்மை உள்ளே தண்ணீர் ஏறிச் சாய்ந்துபோயின.

உடனே போன் செய்தேன். "அண்ணே, வாத்துக்கு என்ன தெரியும், எல்லாம் வாத்துதானே, பயிற்சிக்கு வாங்க, நான் காட்டுறேன்" என்றார். சரி, பயிற்சிக்கும் சேர்த்துத்தானே கட்டியிருக்கிறோம் என்று போனேன். என் தங்கை மகனும் கூட வந்தான், பதினான்கு வயது, பறவை என்றால் உயிர். இன்னும் நாலைந்து பையன்கள் வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்தார்கள், எல்லாரும் காசு கட்டியவர்கள்.

அங்கே அவர் செய்ததை எழுதவே கோபமாக வருகிறது. பொம்மைகளைக் கரையோரமாக நேர்கோட்டில், சம இடைவெளியில், எல்லாம் கரையைப் பார்க்கிற மாதிரி வைத்தார். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவே இல்லை. வாத்து அடுக்குவதில் முதல் கேள்வியே காற்றுதான். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், தண்ணீரில் மிதக்கும்போதும் பெரும்பாலும் காற்றுப் பக்கம்தான் மூக்கை வைத்திருக்கும். அதனால் காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி மறைவிடம் அமைத்து, பொம்மைகளைக் குதிரை லாடம் மாதிரி வளைத்து வைத்து, திறந்த வாய் காற்று போகும் பக்கம் இருக்கும்படி விட்டு, நடுவில் காலியாக ஓர் இடம் வைப்பார்கள். வருகிற கூட்டம் அந்தக் காலி இடத்தில் இறங்கும். ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் இங்கிலீஷ் ஜே எழுத்து மாதிரியும் வைக்கலாம், காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அது நல்லது. பொம்மைக்கும் பொம்மைக்கும் ஐந்தாறு அடி விட வேண்டும், அதுவும் ஒரே அளவாக இல்லாமல், இங்கே இரண்டு அங்கே மூன்று என்று. நெருக்கி வைத்தால் பயந்து ஒதுங்கிய கூட்டம் மாதிரி இருக்கும். ஷாட்கன் ஒழுங்காக எட்டுவது 35, 40 கஜம்தான் என்பதால் இறங்கும் இடம் அதற்குள்ளேயே அமையும்படி அவர்கள் அடுக்குவார்கள், படம் எடுக்கிற எனக்கும் அந்தத் தூரம்தான் தோது.

பெரிய ஏரிக்குக் கணக்கே வேறு. கேன்வாஸ்பேக் மாதிரி முங்கி இரை தேடும் வாத்துக்கு அண்ணன் டஜன் டஜனாக ஒரே நீளக் கயிற்றில் கோத்து ஆழத்தில் விடுவார், அகலமான தண்ணீரில் பொம்மை கண்ணில் படவே எண்ணிக்கை வேண்டும். நம் ஊர்க் குளத்துக்கு ஒரு டஜன் தாராளம். நம் பிரச்சினை காலையில் காற்றே இருக்காது என்பது. அசையாத பொம்மை, வாத்தின் கண்ணுக்குச் செத்த பொருள். அதற்கு ஒரு கயிற்றின் முனையை எடை கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, நடுவில் பழைய மோட்டார் டியூப் துண்டு ஒன்றைச் சேர்த்து, இரண்டு பொம்மையை அதில் மாட்டி மறைவிலிருந்து சுண்டினால் போதும், ரப்பர் இழுத்துவிட்டு அலை பரவும். இதைப் பற்றி அவரிடம் கேட்டேன், அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஸ்பீக்கரில் மல்லார்டு பெட்டையின் க்வாக் சத்தத்தைப் போட்டுவிட்டார், சீட்டி அடிக்கிற வாத்து வாழும் குளத்தில். இன்னும் 100 வெள்ளி தந்தால் உயிருள்ள நாட்டு வாத்தைக் காலில் கட்டி விடுகிறேன் என்றும் சொன்னார். வேட்டைக்குப் பேர்போன அமெரிக்காவே உயிர் வாத்தைக் கட்டி வேட்டையாடுவதை 1935இல் தடை செய்துவிட்டது.

இதுவரைக்கும் நடந்தது பண நஷ்டம். இனிமேல் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

அவர் தந்த கயிறு கை நீளம்கூட இல்லை, எடைக்குப் பதிலாகச் சின்ன நட்டு ஒன்று கட்டியிருந்தது. ஈயக் குளத்தின் கரை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு, அடுத்த எட்டு தரையே கிடையாது. நட்டு தரையைத் தொடவில்லை. லேசாகக் காற்று கிளம்பியதும் பொம்மைகள் நடுக்குளத்துக்குப் போய்விட்டன. படகு இல்லை, மிதவைச் சட்டை இல்லை, ஒரு கயிற்றுச் சுருள்கூட இல்லை. அந்த ஆள் என் மருமகனைப் பார்த்து, "தம்பி, நீதான் சின்னப் பையன், நீந்திப்போய் எடுத்துட்டு வா" என்றார். நான் மறைவுத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கும்போது பையன் மார்பளவு தண்ணீரில் நிற்கிறான், கால் சேற்றில் மாட்டியிருக்கிறது. "மாமா" என்று அவன் கூப்பிட்ட குரல்! நானும் இன்னொரு பையனுமாகக் கேமரா ஸ்டாண்டை நீட்டி இழுத்தோம். இந்த மாதிரிக் குளங்களில் பிள்ளைகள் மூழ்கிப் போன செய்தி இந்த நாட்டில் எத்தனை முறை வந்திருக்கிறது. அந்த ஆள் மன்னிப்பு கேட்கவில்லை. பொம்மை போனால் வாடிக்கையாளர் பொறுப்பு என்றார்.

இன்னொன்றும் சொன்னார், அந்தப் பையன்கள் காதில் விழும்படி. "ஏர் ரைஃபிள் போதும், அதுக்கு லைசென்ஸ் வேண்டாம், பெலிபிஸை யாரும் கேக்கமாட்டாங்க." தம்பிகளே, இது சுத்தப் பொய். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் கன்னும் ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். காட்டுப் பறவையைப் பிடிக்கவோ சுடவோ 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் அனுமதியில்லாமல் கைவைத்தால் வழக்கு. இவர் பேச்சைக் கேட்டுச் சுட்டால் லாக்கப்பில் உட்காரப் போவது நீங்கள்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரமாட்டேன் என்றார், அப்புறம் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். நான் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். நிறையப் பேருக்கு இது தெரியவில்லை: கட்டணம் வெறும் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை, வரவும் விடமாட்டார்கள். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால் அதுவே குற்றம். விளம்பரப் படம், கேரண்டி மெசேஜ், பணம் போட்ட ரசீது, வந்த பொருளின் படம், இதெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். பணம் போட்டும் பொருளே வராதவர்கள் இருந்தால், போட்ட உடனேயே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும். பணம் போடுவதற்கு முன்னால் மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

வேறு யாரிடமாவது டீகோய் வாங்கப் போகிறவர்கள், ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சாய்கிறதா நிமிர்கிறதா தெரிந்துவிடும். கீலைக் கையில் பிடித்துக் கனம் பாருங்கள். தூங்குகிற தலை, மேய்கிற தலை கலந்து தரச் சொல்லுங்கள். கயிறு உங்கள் குளத்தின் ஆழத்தைவிட ஒன்றரை மடங்காவது நீளம் இருக்க வேண்டும், வெள்ளை நைலான் வேண்டாம், கருப்போ கரும்பச்சையோ நல்லது. மிதந்து போனால் போகட்டும், பொம்மைக்காக யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

அந்த ஆள் இப்போது வேறு எண்ணிலிருந்து அதே படத்தைப் போட்டு, "புதிய ஸ்டாக்" என்று விற்பதாக நேற்று நண்பர் ஒருவர் அனுப்பினார். அவரிடம் ஏமாந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். மனுவை அவரவர்தான் போட வேண்டும், எப்படி நிரப்புவது என்று நான் கூட இருந்து காட்டுகிறேன்.