பேனலில் கட்டளைப் பெட்டியா, தனி டெர்மினலா?

லினக்ஸில் இயங்கும் எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப்பின் பேனலில், அதாவது திரை ஓரத்துப் பட்டையில், வெர்வ் என்ற செருகுநிரலைச் சேர்த்தால், கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டளை தட்ட ஓர் இடம் கிடைத்துவிடும். நிரலின் பெயரைத் தட்டி என்டர் கொடுத்தால் அது திறக்கும். இணைய முகவரி தந்தால் உலாவியும், கோப்புறையின் பாதையைத் தந்தால் கோப்பு மேலாளரும் வரும். மேல் அம்புக்குறி பழைய கட்டளைகளை மீட்டுத் தரும். டேப் விசை பாதிச் சொல்லை முடித்துவைக்கும். ஒரே ஒரு வரிக்காக டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலைத் திறந்து மூடும் தொல்லை இல்லை என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் விடை வேண்டுமென்றால் இது உதவாது. வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று கேட்கும் கட்டளையைத் தட்டிப் பாருங்கள்: கட்டளை ஓடும், எண்கள் எங்கும் தெரியாது. நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோவும் இதில் சரிவராது, கடவுச்சொல் கேட்க அதற்கு ஒரு டெர்மினல் தேவை. நிரல் தரும் பிழைச்செய்தியும் கண்ணில் படாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல. அவர்கள் கற்பதே அந்தச் செய்திகளைப் படித்துத்தான்.

டெர்மினலில் நீளமான வெளியீட்டை உருட்டிப் படிக்கலாம், ஓடுவதை கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்தலாம். ஜன்னல் திறப்பது சலிப்பாக இருந்தால், எக்ஸ்எஃப்சிஈ டெர்மினலுக்கே மேலிருந்து இறங்கும் டிராப்-டவுன் முறை இருக்கிறது. அதற்கு ஒரு விசையை ஒதுக்கிவிட்டால் பேனல் பெட்டியின் வேகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் டெர்மினலைத்தான் வைப்பேன். நிரல்களைத் திறக்க மட்டுமே கட்டளை தட்டுபவருக்கு வெர்வ் போதும்.