ரிவால்வரா பிஸ்டலா: என் பழைய .32 பற்றிக் கொஞ்சம் நல்லதும் கொஞ்சம் கோபமும்

குடியாத்தத்தில் அடகுக்கடை வைத்திருக்கும் அக்கா மகனுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது. வந்த அன்றே போன். "மாமா, ரிவால்வர் வாங்கட்டுமா, பிஸ்டல் வாங்கட்டுமா? எது மக்கர் பண்ணாது?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற வேறு யாருக்காவது உதவினாலும் நல்லதுதான்.

என்னிடம் இருப்பது .32 ரிவால்வர் (.32 என்பது தோட்டாவின் அளவு), ஆறு தோட்டா, மேலே தாழைத் தள்ளி மடித்துத் திறக்கிற பழைய மாடல், வெளிநாட்டுச் சரக்கு. 1980-களில் இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரி துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறித்தான் கிடைக்கின்றன, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. குறை சொல்லப் போகிற இடத்தில் கம்பெனி பெயர் வேண்டாம், விட்டுவிடுகிறேன். பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு ஆரணியில் அரிசி மண்டி, ராத்திரி கணக்கு முடித்துப் பணத்தோடு கணியம்பாடி பக்கம் வீடு திரும்ப வேண்டும், அதற்காக வாங்கியது. வருஷக்கணக்கில் இடுப்பில் இருக்கிறது. யாரையும் நோக்கி நீட்ட வேண்டிய நிலைமை இதுவரை வரவில்லை, வரவும் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிவால்வரை நம்பலாம் என்று பெரியவர்கள் சொல்வது எதற்கு என்றால், டிரிகரை இழுத்து 'டிக்' சத்தம் மட்டும் வந்து தோட்டா வெடிக்கவில்லை என்று வையுங்கள், மறுபடி இழுத்தால் போதும், சிலிண்டர், அதாவது தோட்டா அறைகள் இருக்கிற உருளை, சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். இன்னொரு கை வேண்டாம், யோசனையும் வேண்டாம். பிஸ்டலில் அதே 'டிக்' வந்தால் மேகசினை (கைப்பிடிக்குள் போகிற தோட்டாப் பெட்டி) அடியில் தட்டி, ஸ்லைடை (மேலே நகர்கிற பாகம்) பின்னால் இழுத்துவிட்டு, அப்புறம்தான் அடுத்தது. பட்டாளத்தில் இதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற அளவுக்குப் பழக்கிவிடுவார்கள். கடையில் ஒரு கையில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கிற பையனுக்கு அது அந்த நேரத்தில் வருமா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். (சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் மட்டும் இப்படி உடனே மறுபடி இழுக்கக் கூடாது. குழாயை இலக்கைப் பார்த்தே பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.)

பிஸ்டலைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நமக்கு லைசென்ஸில் கிடைக்கிற .32 பிஸ்டல் தோட்டா 1899-இல் பிரௌனிங் கொண்டுவந்தது, அதன் அடியில் லேசாக ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் மேலே இருக்கிற தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், ஸ்லைடை எத்தனை தடவை இழுத்தாலும் சரியாகாது, மேகசினை வெளியே எடுத்துத்தான் பிரிக்க வேண்டும். தோட்டா அடைக்கும்போது ஒவ்வொன்றையும் முந்தினதற்கு முன்பக்கமாக விளிம்பு வருகிற மாதிரி பார்த்து அடைத்தால் பெரும்பாலும் வராது. ஆனால் அதைப் பார்த்து அடைக்கிற பொறுமை எல்லோருக்கும் இல்லை. மேகசின் ஸ்பிரிங், மேகசின் உதடு வளைவது என்று பிஸ்டலின் நோய் பாதி மேகசினில்தான். ரெண்டு மேகசின் இருந்தால் நம்பர் போட்டு வை, எது படுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். டிரிகர். இந்த ரிவால்வரின் டபுள் ஆக்‌ஷன் டிரிகரை வாங்கிய நாளில் இருந்து எனக்குப் பிடிக்கவில்லை, இன்றுவரை பிடிக்கவில்லை. (ஹேமர், அதாவது தோட்டாவை அடிக்கிற சுத்தியல், டிரிகரின் ஒரே இழுப்பில் பின்னால் போய் வந்து அடிப்பதுதான் டபுள் ஆக்‌ஷன்.) கனமாக இருப்பது பரவாயில்லை, பையில் இருக்கிற ஆயுதம் கனமாக இருப்பதுதான் பத்திரம். இது கனத்தோடு நிற்காமல் பாதி தூரம் ஒரு மாதிரி வரும், அங்கே ஒரு இடத்தில் பிடிக்கும், அப்புறம் வெடுக்கென்று விடும், துருப்பிடித்த ராட்டினத்தில் தண்ணீர் சேந்துகிற மாதிரி. அந்த வெடுக்கில் குழாய் முனை கீழே இடப்பக்கம் போகிறது. ஹேமரைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்துவைத்துச் சுட்டால் பத்து மீட்டரில் கைப்பிடி அகலத்துக்குள் போடுவேன். டபுள் ஆக்‌ஷனில் அதே தூரத்தில் காகிதத்தில் எங்கெங்கோ. உண்மையில் ஆபத்து வந்தால் ஹேமரை இழுத்துவைக்க யாருக்கு நேரம் இருக்கும்?

எனக்குத் தெரிந்த மிஸ்திரி ஒருவர், நல்ல கைக்காரர், மெயின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கித் தருகிறேன், பட்டு மாதிரி வரும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம், என்னோடு சர்வீஸில் இருந்த ஒருவர் தன் ரிவால்வரில் அதைச் செய்துகொண்டு ரேஞ்சுக்கு வந்தார். டிரிகர் அருமையாக இருந்தது, இழுத்துப் பார்த்த எல்லோரும் பொறாமைப்பட்டோம். ரெண்டாவது சிலிண்டரிலேயே 'டிக்'. அப்புறம் மறுபடி 'டிக்'. வெடிக்காத தோட்டாவையும் வெடித்த காலி கேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெடித்ததில் பிரைமர் (தோட்டாவின் அடியில் நெருப்பைக் கிளப்புகிற சின்ன மூடி) நடுவில் குழி நன்றாக இறங்கியிருந்தது, நகத்தை வைத்தால் குழிக்குள் இறங்கியது. வெடிக்காததில் நகம் வழுக்கிக்கொண்டு போனது, ஓரத்தில் ஒரு அடையாளம் மட்டும். ஸ்பிரிங்கின் பலம் குறைந்தால் ஹேமர் அடிக்கிற அடியும் குறையும், பிரைமர் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் அந்த அடி பத்தாது, அவ்வளவுதான் கணக்கு. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்ட பிறகு அவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆக நான் திட்டுகிற அந்தக் கனத்தில்தான் இந்தத் துப்பாக்கியின் நம்பகமும் இருக்கிறது. இது தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை.

தோட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் புது பிஸ்டல் வாங்கினால் இருநூறு ரவுண்டு தடங்கல் இல்லாமல் ஓடினால்தான் நம்பு என்று சொல்வார்கள். நமக்கு லைசென்ஸில் எழுதியிருக்கிற எண்ணிக்கைதான், அதையும் விலை பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதனால் நம்மில் பலர் ஒரே பெட்டித் தோட்டாவை வருஷக்கணக்கில் வைத்திருக்கிறோம், அதையே தினம் நிரப்பி, இறக்கி, துடைத்து, மறுபடி நிரப்பி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போகிறவர்களும் உண்டு. செய்யாதே. எண்ணெய் ஊறின துணியில் தோட்டாவைத் துடைக்காதே, எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் மருந்து செத்துப்போகும். துடைக்கக் காய்ந்த துணி போதும். வருஷத்துக்கு ஒரு முறையாவது பழையதைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது வாங்கி வை. மிஸ்ஃபயர் வந்தால் துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன்னால் பிரைமரைப் பார்: குழி ஆழமாக இருந்தால் குற்றம் தோட்டாவில், மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியில்.

நம்ம ஊர்ப் பக்கம் தோல் மலிவு, ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் அழகான உறை தைத்துத் தருவார்கள், நானும் வைத்திருக்கிறேன், இடுப்பில் அவ்வளவு சுகமாக உட்காரும். ஆனால் ராத்திரி அதிலேயே வைத்துப் பூட்டாதே. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வேர்வையும் சேர்ந்தால் மழைக்காலத்தில் சிலிண்டர் ஓரத்தில் செம்புள்ளி வந்துவிடும். தோட்டாவின் பித்தளையிலும் பச்சை பூக்கும். வீட்டில் இரும்புப் பெட்டி, காய்ந்த துணி, மெல்லிய எண்ணெய்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை டெபாசிட் செய்வது பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தேதி அறிவித்தவுடன் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வேலூர்த் தொகுதிக்கு 2019-இல் ஏப்ரல் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-ஆம் தேதி தனியாக நடந்தது, குடியாத்தமும் அதில்தான். அப்புறம் 2021 ஏப்ரலில் சட்டமன்றம், அக்டோபரில் ஊரக உள்ளாட்சி, 2022 பிப்ரவரியில் நகர்ப்புறம். ஒரு தடவை எனக்குத் திரும்பி வந்தபோது எண்ணெய் காய்ந்து பிசினாகி, சிலிண்டரைக் கையால் சுற்றினால் ரெண்டு இடத்தில் நின்றது. அங்கே இருந்தவர்களிடம் கேட்டால் டேக்கைப் பிரிக்கவே இல்லை என்றார்கள், அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அப்படியே நிரப்பி இடுப்பில் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொடுக்கும்போது நன்றாக எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையில் போட்டுக் கொடு. சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கு. திரும்பி வந்தால் ஆறு அறையையும் வெளிச்சத்தில் பார்த்து, காலியாக வைத்து ஆறு முறை சுற்றவிட்டு, ஒவ்வொரு அறையும் பூட்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தோட்டா.

இந்த .32 ரிவால்வர் தோட்டாவின் தலை ஆறு கிராம் சொச்சம், மெதுவாகப் போகிறது. ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் 9 மி.மீ. நமக்குத் தடை. வேகம் இல்லாத தோட்டாவுக்குக் குறி முக்கியம், குறிக்கு டிரிகர் முக்கியம், என் கோபம் மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, ரிவால்வரே வாங்கு, ஆனால் என்னுடையது மாதிரி வாங்காதே. நம்பகம் என்று நான் இவ்வளவு புகழ்ந்ததெல்லாம் உண்மை, என் கையில் ஒருநாளும் இது வெடிக்காமல் நின்றதில்லை. இருந்தாலும் இன்றைய மனநிலையில் இதை உனக்குச் சிபாரிசு செய்ய முடியாது. இப்போது பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கிற .32 ரிவால்வர் கான்பூரிலேயே செய்கிறார்கள், 2023-இல் வந்தது. கடையில் காலித் துப்பாக்கியில் டம்மி தோட்டா போட்டு டபுள் ஆக்‌ஷனில் மெதுவாக இழுத்துப் பார், நடுவில் பிடித்தால் வைத்துவிட்டு வேறு கேள், விலை குறைவு என்று ஆசைப்படாதே. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், உன் லைசென்ஸும் ஐந்து வருஷத்துக்கு, அதனால் அவசரம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றி இருக்கிறது, அதைப் படித்துவிட்டு வாங்கு. கடைக்கு ஷட்டர் சென்சார் போடச் சொன்னேனே, அதை இந்த மாசமே போடு, துப்பாக்கி அப்புறம்.

உங்களுடையதைக் கொடுங்களேன் மாமா என்று நீ கேட்டதற்கும் பதில் இதுதான், தர மாட்டேன். போன வாரம் துப்பாக்கிக் கடைக்காரர் சொன்ன விலை நான் வாங்கியதைவிட நல்ல விலை, அவருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன்.