ரோபோ கிணறா, பூட்டு மேடையா, இரண்டடுக்கு ஸ்டாண்டா? ஜப்பானில் சைக்கிளை எங்கே விடுவது

ஜப்பான் நகரங்களில் சைக்கிள் ஓட்டுவது சுலபம். நிறுத்துவதில்தான் யோசனை வேண்டும். ரயில் நிலையத்துப் பக்கம் ஓரமாக விட்டுவிட்டுப் போனால் முதலில் எச்சரிக்கைச் சீட்டு தொங்கும், அப்புறம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். கிடங்குக்குப் போய்ப் பல ஊர்களில் சில ஆயிரம் யென் கட்டித்தான் மீட்க வேண்டும். ஆகவே தெருவோரத்தை விட்டுவிடுவோம். மிச்சம் மூன்று வழிகள்.

முதலாவது நிலத்தடி ரோபோ. டோக்கியோவின் கசாய் நிலையத்தில் 2008-இல் திறந்தது பிரமாண்டம்: மொத்தம் 9,400 சைக்கிள், அதில் 6,480 இயந்திரத்தின் பொறுப்பில். தரைக்கடியில் 36 கிணறுகள், ஒவ்வொன்றிலும் 180 வண்டிகள். முன்சக்கரத்தைப் பள்ளத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கதவு திறந்து வண்டியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. திரும்பி வந்து அட்டையைக் காட்டினால் அரை நிமிடத்துக்குள் வெளியே வந்து நிற்கும். மழை இல்லை, திருட்டு பயமும் குறைவு. ஆனால் வண்டிக்கு அளவு வரம்பு உண்டு. கூடையில் குடையை மறந்துவிட்டால், வண்டியையே வெளியே வரவழைக்க வேண்டும்.

இரண்டாவது, கடைத்தெருவில் பார்க்கும் தானியங்கிப் பூட்டு. முன்சக்கரத்தைத் தள்ளிவிட்டால் சில நிமிடத்தில் 'க்ளிக்'. பல இடங்களில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இலவசம், பிறகு சில மணிக்கு ஒருமுறை 100 யென் போல ஏறும். காய்கறி வாங்க, மருத்துவரைப் பார்க்க இதைவிட வசதி எதுவுமில்லை. வண்டி நிற்கும் இடத்தின் எண்ணை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டண இயந்திரத்தில் தவறான எண்ணை அழுத்திக் காசு போட்டால் பக்கத்து வண்டிதான் விடுபடும். தினசரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

மூன்றாவதுதான் என் தேர்வு: மாதச் சீட்டு, இரண்டடுக்கு ஸ்டாண்ட். மேல்தட்டுக்குப் பல இடங்களில் வாடகை குறைவு. மேல்தட்டில் சக்கரம் உட்காரும் தடத்தை வெளியே இழுத்து, சாய்த்து, வண்டியை ஏற்றித் தூக்கிவிட வேண்டும். மமச்சாரி எனும் சாதாரண வீட்டு சைக்கிளை ஏற்றுவதற்கே கை வலிக்கும். பிள்ளை இருக்கை பூட்டிய மின்சார சைக்கிள் 30 கிலோவைத் தொடும். அதை மேலே ஏற்ற நினைக்கவே வேண்டாம். சிறு குழந்தை இருக்கிற வீட்டார் வாடகை கூடினாலும் தரையில் இடம் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் பள்ளியும் வேலையும் புதிதாகத் தொடங்கும் நாடு அது. தரை இடத்துக்கு அப்போதுதான் தள்ளுமுள்ளு, அதனால் முன்கூட்டியே பதிந்துவிடுவது நல்லது.

இங்கே எனக்குப் பிடித்தது இயந்திரம் அல்ல, ஆட்கள். பல நகராட்சி ஸ்டாண்டுகளில் ஓய்வுபெற்ற முதியவர்கள் வேலை செய்கிறார்கள். நான் விட்ட ஸ்டாண்டில் ஒருவர் காலையில் ஒவ்வொருவருக்கும் 'இத்தெராஷ்ஷாய்', போய்விட்டு வாருங்கள் என்பார். நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளை ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி நகர்த்தி, நிரம்பிவிட்டது என்று நான் நினைத்த வரிசையில் இடம் எடுத்துத் தருவார். 8.10 ரயிலை அவரால்தான் பலமுறை பிடித்தேன்.