லினோவில் யானைமலை: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஒத்தக்கடைக்கருகே படுத்திருக்கும் யானையைப் போல நீண்டு கிடக்கும் பாறைமலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த யானைமலையை லினோவில், அதாவது உளியால் செதுக்கத்தக்க லினோலியப் பலகையில், செதுக்கி அச்செடுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. செதுக்கிய இடம் அச்சில் வெள்ளையாகவும், செதுக்காமல் விட்ட இடம் மை ஏந்திக் கருமையாகவும் விழும். இதுவரை ஏழு பலகைகள் முடித்திருக்கிறேன். லினோ, உளி, மை, தாள் ஆகியவை எங்கள் ஊர் வெயிலிலும் மழையிலும் எவ்வளவு தூரம் கைகொடுத்தன என்பதைப் பதிவு செய்கிறேன்.

முதல் பலகையில் மலையைக் கண்ணில் பட்டவாறே வரைந்து செதுக்கிவிட்டதால், அச்சில் யானையின் தலை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. தாளைக் கையில் வாங்கியதுமே என் தாயார், "இது நம்ம மலை இல்லையே" என்றார். அன்றிலிருந்து ஓவியத்தை டிரேசிங் தாளில் எடுத்து, அதைக் கவிழ்த்து வைத்து, கார்பன் தாள் வழியாகவே பலகைக்கு மாற்றுகிறேன்.

அடுத்த இரு பலகைகளில் பாறையின் ஒவ்வொரு வெடிப்பையும், மழைநீர் வழிந்த ஒவ்வொரு தடத்தையும் செதுக்க முயன்றதில் மலையின் கனம் போய்விட்டது. வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் செதுக்கிய, கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் லினோகட் படத்தை மறுபடி பார்த்தபோதுதான், கருமையை அப்படியே விட்டுவைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு இழுப்பதில் இருக்கும் வலிமை புரிந்தது. விடியலில் நகரத்துப் பக்கமிருந்து பார்த்தால், பின்னொளியில் மலையும் அப்படித்தான் ஒரே கரும்பரப்பாக நிற்கிறது. நான்காம் பலகையில் வானத்தையும் அடிவாரத்து வயல்களையும் மட்டும் செதுக்கி, பாறையில் மிகச் சில கோடுகளே இட்டேன். எனக்கு இன்றும் நிறைவளிப்பது அந்த அச்சுதான்.

ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, சணல் துணியின் மீது பரப்பிச் செய்யப்படும் பழைய வகை லினோவையே நான் பரிந்துரைப்பேன். ரப்பர் போன்ற மென்பலகைகள் உளிக்கு எளிதில் வழிவிடுகின்றன. ஆனால் மெல்லிய கோடுகளின் ஓரம் அவற்றில் கூர்மையாக நிற்பதில்லை. லினோவுக்கும் வயது உண்டு. இரண்டு ஆண்டுகள் சுருட்டி வைத்திருந்த ஒரு துண்டு இறுகிப்போய், விரிக்கும்போதே வெடித்தது. தேவைக்கு மட்டும் வாங்கி, தட்டையாக அடுக்கி வைப்பது நல்லது. சித்திரை வெயிலில் சில நிமிடங்கள் வைத்தாலே அது வெண்ணெய் போல வெட்டுப்படும். மார்கழியில் துணி போர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் இளஞ்சூடு காட்ட வேண்டியிருக்கிறது.

உளிகளில் ஒரு சிறிய 'வி' வடிவமும் ஓர் அகன்ற 'யூ' வடிவமும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அரைமணிக்கொரு முறை தோல்பட்டையில் தீட்டுவதை நான் தவறவிடுவதில்லை. மழுங்கிய உளியை அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

மைதான் என்னை அதிகம் சோதித்தது. நீர் கலந்த மை, கோடையில் ரோலரிலேயே காய்ந்து, அச்சில் திட்டுத் திட்டாக விழுந்தது. எண்ணெய் மைக்கு மாறியபின் கருமை ஆழமாகவும் சீராகவும் விழுகிறது. ஐப்பசி மழையில் மட்டும் அச்சுகள் உலர ஒரு வாரத்துக்கும் மேலாகிறது. கண்ணாடியின் மீது ரோலரை உருட்டும்போது, தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல மெல்லிய 'சுர்' ஒலி கேட்டால் மையின் அளவு சரி. கருவிகளை முதலில் சமையல் எண்ணெயாலும் பிறகு சோப்பாலும் துடைத்தால் போதும்.

என்னிடம் அச்சு இயந்திரம் இல்லை. தாளின் முதுகில் மரக்கரண்டியால் தேய்த்தே அச்செடுக்கிறேன். புதுச்சேரியில் வாங்கிய தடித்த கைவினைத் தாள் அழகானது. ஆனால் கையால் தேய்க்கும்போது கரும்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. மெல்லிய மல்பெரித் தாள் கையழுத்தத்துக்கே மையை முழுதாக வாங்கிக்கொள்கிறது. யானையின் முதுகு போன்ற பெரிய கருமைக்கு அதுவே பொருத்தம்.